திறப்பு

மிதுஷா உட்ரெக்டிலிருந்து வந்திறங்கினாள்,
இருபத்துமூன்று கிலோவில் பாதி வெள்ளைக் கடுதாசி.
டச்சுக்குடாவைப் பார்த்த பழைய கிட்டங்கி.
கூரையில் நாலு தகடு இல்லை, வௌவால் உண்டு.
லைட் பூட்ட என்னைப் பிடித்தார்கள்,
நாட்கூலி மூவாயிரத்து ஐந்நூறு, மத்தியானச் சாப்பாடு.

கலை என்றால் படம் என்றுதான் நினைத்திருந்தேன்.
அவளோ சம்பூரிலும் மூதூரிலும்
சனம் திரும்பிப் போனபோது வீடுகளில் மிஞ்சிக் கிடந்ததை
வாடகை லொறியில் ஏற்றிவந்தாள்.
முக்கால் கதிரை.
லாச்சி இழுபடாத மேசை.
ஒற்றைச் சப்பாத்து.
கண்ணாடி போன அலுமாரி, அதன் முதுகில்
கறையான் கீறிய ஏதோவொரு நாட்டின் வரைபடம்.
எல்லாவற்றையும் நைலோன் கயிற்றில்
நிலத்துக்கு ஒரு சாண் மேலே தொங்கவிடச் சொன்னாள்.
கடலில் மிதக்கிற மாதிரி இருக்கட்டும் அண்ணை.
மிதக்கிற மாதிரியா, அமிழ்கிற மாதிரியா
என்று நான் கேட்கவில்லை.

பிறகு ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு துண்டு:
கதிரை, போர்த்துக்கேயக் கப்பலில் வந்த சொல்.
அலுமாரி, அதே.
மேசை, சப்பாத்து, துவாய், அதே அதே.
லாச்சி ஒல்லாந்தன் தந்தது.
கந்தோர் அவனுடையது.
கக்கூசும் அவன்தான் என்றபோது
லொறிக்காரப் பொடியன் ரிஸ்மி
வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டான்.
எங்களிலிருந்தும் ஏறிப் போனவை உண்டாம்:
கட்டுமரம், கயிறு, மிளகுதண்ணி.
அவை அங்கே எந்தச் சுவரில் தொங்குகின்றன
என்பதை அவள் சொல்லவில்லை.

ஏணியில் நின்றேன், பல்ப் சுட்டது.
நாற்பது வருசமாய் நான் இருந்தெழும்பிய கதிரை
கடல் கடந்து வந்ததாம்.
அட்டை இல்லை, பதிவு இல்லை,
வாய்க்குள் வந்து குடியேறி
எங்கள் பிள்ளையாகவே ஆகிவிட்டது.
சொல்லிடம் யாரும் விசா கேட்பதில்லை.

என்னிடம் கேட்டார்கள்.
இரண்டாயிரத்துப் பன்னிரண்டு, பதினேழு நாள் கடல்,
கிறிஸ்மஸ் தீவு.
மேசைக்கு அங்காலே ஒருத்தி: ஏன் வந்தாய்?
மொழிபெயர்த்தவர் மதுரைக்காரர், நல்ல மனிதர்.
கந்தோருக்குக் கூப்பிட்டு விசாரிச்சவை என்றேன்.
கந்தோர் என்பது ஊரா, என்றார்.
நான் விளக்குவதற்குள் அவள் எழுதிவிட்டாள்.
அப்படி ஓர் ஊரை அவர்கள் தேடியிருக்கலாம்.
கிடைத்திருக்காது.
கட்டுநாயக்காவில் இறக்கியபோது
என்னிடம் இருந்தது ஒரு துவாய்.
இதை மிதுஷாவுக்குச் சொல்லவில்லை.
சொன்னால் அதற்கும் ஒரு கயிறு கட்டுவாள்.

விழா அன்று விடிய வந்து பார்த்தால்
கோட்டைப் பக்கத்து மான்கள் இரண்டு உள்ளே.
எட்டிய உயரத்துக்குக் கடுதாசியைத் தின்றிருந்தன.
மேசை எங்கிருந்து வந்தது என்பது
ஒரு புள்ளிமானின் வயிற்றில்.
மிதுஷா அழுவாள் என்று பார்த்தேன்.
இல்லை. நிலத்தில் இருந்து
விக்கல் வரும்வரை சிரித்தாள்.

கொழும்பிலிருந்து தூதரகத்து மனிதர் வந்தார்,
நிலைப்படியில் குனிந்து நுழையும் உயரம்.
லாச்சிக்கு முன்னால் நின்றார்.
வாயசைத்துச் சொல்லிப் பார்த்தார்,
தொலைந்த பிள்ளையின் பெயர் மாதிரி.
பிறகு, இதை வாங்கலாமா என்று விசாரித்தார்.
ஏலமும் கப்பலில் வந்த சொல்தான்,
அந்தத் துண்டு மானுக்கு எட்டவில்லை.

எல்லாரும் போன பிறகு கிட்டங்கியைப் பூட்டினேன்.
கடல் பக்கம் ஒரு கப்பலின் வெளிச்சம், அசையாமல்.
கையில் இருந்ததைக் காட்டி அவள் கேட்டாள்,
சாவி? அதுவும் போர்த்துக்கேயம்தானே.
சாவி இந்தியாவில், பிள்ளை.
எங்களுக்கு இது திறப்பு.
எந்தக் கப்பலில்?
எந்தக் கப்பலிலும் இல்லை, இங்கேயே இருந்தது.

கைப்பையைத் துழாவிக்
கடைசித் துண்டில் எழுதத் தொடங்கினாள்.
பூட்டும் எங்கடைதான் என்றேன்.
பேனை நின்றது.